எதிர்வீட்டுக் கணக்கு

மொட்டைக் கடிதாசி எழுதுவது எத்தனை சுலபம் தெரியுமா, சகோதரிகளே? ஒரு முழு வெள்ளைத் தாள், ஒரு பால்பாயிண்ட் பேனா, மத்தியானத்தில் அரை மணி நேரம். அவ்வளவுதான்! நான் எழுதியே முடித்துவிட்டேன். 'உயர்திரு வருவாய் கோட்டாட்சியர் அவர்கள் சமூகத்துக்கு' என்று ஆரம்பித்து, 'இப்படிக்கு, உண்மை விளம்பி' என்று முடித்து, நான்காக மடித்து, ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாகவும் வைத்துவிட்டேன். தபால் தலைதான் பாக்கி.

யார் மேல் என்கிறீர்களா? எதிர் வீட்டுக்காரி மேல். தினமும் முகத்தில் விழிக்கிறவள். என் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலை பறித்து வந்து கொடுத்தவள். அவள் மேல்தான்.

2023ஆம் வருஷம் நடந்தது இது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை என்று மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஜூலையிலும் ஆகஸ்டிலும் முகாம் போட்டு விண்ணப்பம் வாங்கினார்கள். செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் திட்டம் ஆரம்பமாயிற்று. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பணம் போயிற்று. எங்கள் தெருவிலும் வங்கியிலிருந்து செல்போனுக்குச் செய்தி வர வர, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்னத் திருவிழாதான்!

என் போனுக்கு ஒன்றும் வரவில்லை. வராது என்று எனக்கே தெரியும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சொந்தக் கார் இருக்கக் கூடாது, மின்சாரம் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் வரம்பு வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க். சம்பளம் வரம்பைத் தாண்டிவிடும். நியாயம்தானே? நியாயம்தான். ஆனால் நியாயம் என்று தெரிந்தாலும் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்கிறதே, அதற்கு என்ன செய்ய!

எதிர் வீட்டுக்காரிக்கு வந்தது. அவள் புருஷன் தோணியில் வேலை செய்கிறவர். எங்கள் ஊரிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறி, செங்கல், ஜல்லி எல்லாம் தோணியில்தான் போகும். தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் தோணி ஓடாது. ஆள் வீட்டோடுதான். இரண்டு பிள்ளைகள். அவளுக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டேன்.

வருத்தம் வந்தது வேறு வழியில். அவள் வீட்டிலே மாசிப் பொடி இடித்து விற்கிறாள். மாசி தெரியுமல்லவா? சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரி காய வைத்தது. அதை நொறுக்கி, வற்றல் மிளகாய், பூண்டு, தேங்காய், கருவேப்பிலை எல்லாம் வறுத்து இடித்தால், ஒரு ஸ்பூன் பொடிக்கு இரண்டு தட்டு சோறு இறங்கும். செவ்வாயும் வெள்ளியும் ஒரு பெரிய சாக்குப் பையோடு கூரியர் ஆபீசுக்குப் போவாள். வாட்ஸ்அப்பில் ஆர்டராம். சென்னை, கோயம்புத்தூர் என்றெல்லாம் போகிறதாம். இதெல்லாம் விண்ணப்பத்தில் எழுதியிருப்பாளா?

ஒரு நாள் என் மைனி வந்திருந்தாள். எங்கள் பக்கம் நாத்தனார், அண்ணன் மனைவி எல்லோரும் மைனிதான். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு வாசலில் சாக்கு மூட்டை கிளம்புவதைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, இவளுக்கும் ஆயிரம் ரூவா வருதாமே?"

"ஆமா மைனி."

"நாளைக்கு முப்பது பாக்கெட்டுனு வச்சிக்கோ. பாக்கெட்டு நூறு ரூவா. மாசம் தொண்ணூறாயிரம்! ஒங்க அண்ணனே அவ்வளவு சம்பாதிக்கல. இதுல கவர்மெண்டு பணம் வேற. ஒரு கார்டு எழுதிப் போட்டா என்னளா?"

தகுதியில்லாதவர்கள் பணம் வாங்கினால் புகார் செய்யலாம், வருவாய் கோட்டாட்சியர் விசாரிப்பார் என்று அரசாங்கமே சொல்லியிருந்தது. ஆக, சட்டப்படி தப்பே இல்லை. ஊர்ப் பணத்தைக் காப்பாற்றுகிற புண்ணியம் வேறு! மைனி போன பிறகு அந்தத் தொண்ணூறாயிரம் என் மண்டைக்குள் கிடந்து குடைந்தது. குழம்பில் உப்பு கூடிப்போயிற்று. மறுநாள் மத்தியானம் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் பட்டும் படாமலும் ஆரம்பித்தேன். "என்னங்க, ஒருத்தி வருமானத்த மறைச்சு அரசாங்கப் பணம் வாங்குனா, சொல்லுறது நம்ம கடமைதானே?"

அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மறைச்சதை நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா..."

"அவ ஃபாரத்தைப் பாத்தியா? கணக்கைப் பாத்தியா?"

"இல்ல."

"அப்போ நீ பாத்தது சாக்கு மூட்டைதான். மோரை ஊத்து."

எனக்குக் கோபம்தான் வந்தது. கப்பல் கணக்குப் பார்க்கிறவருக்கு மூட்டையை வைத்து மதிப்புப் போடத் தெரியாதா என்ன?

இரண்டு நாள் கழித்து, தபால் தலை வாங்க நான் செருப்பை மாட்டுகிற நேரம், எதிர் வீட்டுக்காரியே வாசலில் வந்து நின்றாள். கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. "யக்கா, குழுவுல லோன் கேட்டிருக்கேன். வரவு செலவு எழுதித் தரச் சொல்லுதாவ. எனக்குக் கூட்டிக் கழிக்க வரமாட்டேங்கு. நீங்க எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவிய. கொஞ்சம் பாத்துத் தாரியளா?"

ரேஷன் கார்டு உறை அலமாரியில் இருந்தது. அவள் அதற்கு நேர் கீழே, தரையில் உட்கார்ந்தாள்.

நோட்டைப் பிரித்தேன். அடேயப்பா, எழுத்தா அது! பூண்டு வாங்கியதும் பிள்ளைக்கு மருந்து வாங்கியதும் ஒரே வரியில் இருந்தது. சரி, நமக்கு வீட்டுக் கணக்கு எழுதிப் பழக்கம்தானே என்று தனித்தனியாகப் பிரித்து எழுத ஆரம்பித்தேன்.

முதலில் விற்பனை. வாரத்துக்கு இரண்டு தடவைதான் கூரியர். ஒரு தடவைக்கு இருபத்தைந்து பாக்கெட். மாதத்துக்கு எட்டுத் தடவை என்றால் 200 பாக்கெட். நூறு கிராம் பாக்கெட் நூறு ரூபாய். ஆக மாதம் 20,000. மைனியின் தொண்ணூறாயிரம் அங்கேயே உடைந்து போயிற்று!

அடுத்தது செலவு. ஒரு பாக்கெட்டுக்கு மாசி மட்டும் 45 ரூபாய்க்கு வந்தது. மிளகாய், பூண்டு, தேங்காய், எண்ணெய், உப்பு சேர்ந்து 12 ரூபாய். கேஸும் மிஷின் கூலியும் 5. பையும் ஸ்டிக்கரும் 6. கூரியர் காசில் பாதியை இவளே ஏற்றுக்கொள்கிறாள், அது 7. கூட்டினால் 75. ஒரு பாக்கெட்டுக்கு 25 ரூபாய் மிச்சம். 200 பாக்கெட்டுக்கு மாதம் 5,000.

"என்ன யக்கா, அவ்வளவுதானா?" என்றாள். அவளுக்கே அதிர்ச்சி. கையில் இருபதாயிரம் புரளுவதால் ஏதோ நிறைய வருகிறது என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதிலே அவள் உழைப்புக்கு, அடுப்புச் சூட்டுக்கு, மிளகாய் நெடியில் தும்முகிறதுக்கு ஒரு பைசா கூலி போடவில்லை.

தோணி ஓடாத மாதங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், புருஷன் வருமானம் மாதம் பன்னிரண்டாயிரம். வருஷத்துக்கு 1,44,000. மாசிப் பொடி 60,000. மொத்தம் 2,04,000. வரம்பு இரண்டரை லட்சம். அவள் எதையும் மறைக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை!

காப்பி போட்டுத் தருகிறேன் என்று அடுக்களைக்குப் போனேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். என் கடிதாசி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆள் வந்து விசாரித்திருப்பார்கள். தெரு முழுக்க வாசலில் நின்றிருக்கும். இந்த நோட்டை அவர்களிடம் காட்டியிருந்தால் யாருக்கு என்ன புரிந்திருக்கும்? அவள் பயந்து போய் பொடி இடிப்பதையே நிறுத்தியிருப்பாள். அவள் போன பிறகு அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். வாய்விட்டு அவளிடம் சொல்லவில்லை. இதை அவள் படித்தால்தான் தெரியும்.

ஒன்று சொன்னேன். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, பாக்கெட்டில் அந்த நம்பரைப் போடு என்று சொன்னேன். சாப்பாட்டுப் பொருள் விற்கிறவர்களுக்கு அது அவசியம். வீட்டிலே செய்தாலும் விலக்கு இல்லை. அவளுக்கு அது தெரியவே தெரியாது. உண்மையில் அவள் தவறென்றால் அது ஒன்றுதான். அதை என் புகாரில் நான் எழுதவே இல்லை, பாருங்கள்!

எங்கள் கடற்கரைக்குச் சந்தேகம் புதிதல்ல. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதற்கு முன்னால் வெள்ளைக்காரர் காலத்தில், கரைக்கு வரும் சிப்பியில் அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, மூச்சடக்கி முங்கினவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வழியிலே எவனாவது சிப்பியைப் பிளந்து முத்தை வாயில் போட்டுக்கொள்கிறானா என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருப்பார்கள். எதிர்க்கரையான இலங்கையில் நடந்த குளிப்பைப் பற்றி ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1803இல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கூலியாள் முத்தை விழுங்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தால், வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்துப் பார்ப்பார்களாம் வியாபாரிகள்! சில சமயம் முத்து கிடைக்குமாம். கிடைக்காத சமயங்களில் அந்த ஏழையின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தது அந்த நோட்டைப் பார்த்த அன்றைக்குத்தான்.

நம் பெண்கள் மேலேயே இந்தச் சந்தேகம் விழுந்த கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சிறுவாடு சேர்க்காத பெண் உண்டா நம் ஊரில்? அரிசிப் பானை, புடவை மடிப்பு, கடுகு டப்பா... 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றவுடன் எத்தனை வீட்டில் குட்டு உடைந்தது! என் கடுகு டப்பாவில் இருந்து ஆறாயிரத்து ஐந்நூறு வெளியே வந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ சுங்க அதிகாரி கடத்தல்காரியைப் பார்ப்பதுபோல!

குவாலியரைச் சேர்ந்த இல்லத்தரசி ஒருவர் அப்போது 2,11,500 ரூபாயை வங்கியில் கட்டினார். அவர் கணக்கில் காட்டியிருந்த வருமானம் அதைவிடக் குறைவு. இது மறைத்த வருமானம் என்று வருமான வரி இலாகா பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள் விடவில்லை. கணவரும் பிள்ளையும் உறவினரும் அவ்வப்போது கொடுத்ததில் மிச்சம் பிடித்தது என்று வாதாடி, வழக்கை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரைக்கும் கொண்டுபோனார். 2021 ஜூன் மாதம் ஆக்ரா கிளை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பணமதிப்பிழப்பின்போது இல்லத்தரசிகள் கட்டிய தொகை இரண்டரை லட்சம் வரைக்கும் இருந்தால் அதை மறைத்த வருமானமாகக் கொள்ள முடியாது என்றது. எந்தக் காசு சேமிப்பு, எந்தக் காசு வருமானம் என்று பிரிக்க வரி இலாகாவுக்கே தீர்ப்பாயம் தேவைப்பட்டது. மாடியில் நின்று மூட்டையைப் பார்த்த எனக்கும் மைனிக்கும் எப்படித் தெரிந்திருக்கும்?

அப்படியென்றால் யார் மேலும் புகாரே கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு மனசில்லை. அரசாங்கப் பள்ளியில் பாடம் நடத்த வேண்டியவர் சாயந்திரம் வீட்டில் காசுக்கு டியூஷன் எடுக்கிறார் என்றால், அதை 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்திருக்கிறது. அங்கே நஷ்டம் நம் பிள்ளைகளுக்கு. பெரிய பெரிய வரி ஏய்ப்பு என்றால், தகவல் கொடுக்கிறவர்களுக்கு 50 லட்சம் வரை வெகுமதி என்று வருமான வரி இலாகா 2018இல் திட்டம் போட்டது. 2021 ஜனவரியிலிருந்து இணையதளத்திலேயே புகார் பதியவும் வழி செய்தது. ஆனால் ஒன்று. ஒருவரைக் கஷ்டப்படுத்தவேண்டும் என்றே பொய்த் தகவல் கொடுத்து அதிகாரியை ஏவிவிட்டால், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 217ஆவது பிரிவுப்படி ஒரு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் 182ஆவது பிரிவாக இது இருந்ததுதான். 'உண்மை விளம்பி' அம்மாளுக்கு இது அன்றைக்குத் தெரியாது!

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். மறு வருஷம் வந்தது பாருங்கள், எனக்கென்றே ஒரு சோதனை.

2024 பனிமய மாதா கோயில் திருவிழா. என் ஒன்றுவிட்ட அக்கா மகன் சப்பரம் பார்க்க வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினான். நகரத்துக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊர் அவர்களுக்கு. பையனுக்கு இருபது வயசு. படிப்பைப் பாதியில் விட்டவன். கையில் புதுப் போன், காலில் விலை கூடின ஷூ. "லோடிங் வேலை சித்தி, நைட்டு ஷிப்டு" என்றான். நல்லா இருடா ராசா என்றேன்.

அவன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். தோளிலும் முதுகிலும் லேசாக மஞ்சள் கறை. சோப்புப் போட்டவுடன் அந்த இடம் ரத்தச் சிவப்பாக மாறிற்று! பதறிவிடாதீர்கள். மஞ்சள் கறையில் சோப்பும் சோடாவும் பட்டால் சிவக்கும். அடுக்களையில் நிற்கிற எவளுக்கும் தெரிந்த சங்கதிதான். அலசி வெயிலில் போட்டால் தானாக வெளுக்கும். ஆனால் லோடிங் வேலை பார்க்கிற பையன் முதுகில், மூட்டை சுமக்கிற இடத்தில், மஞ்சள் எதற்கு?

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2019 கடைசியில் இலங்கையில் மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். அங்கே விலை தாறுமாறாக ஏறிற்று. அதிலிருந்து எங்கள் கடற்கரையிலும் ராமநாதபுரம் கரையிலும் ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் விரலி மஞ்சள் மூட்டை ஏற்றுவதும், கியூ பிரிவு போலீசும் கடலோரக் காவல் படையும் பிடிப்பதும் பத்திரிகையில் வழக்கமான செய்தியாகிவிட்டது. பீடி இலையும் அப்படித்தான். பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் யார்? மூட்டை தூக்குகிற பையன்களும் வேன் டிரைவர்களும். முதல் போட்டவன் பெயர் பேப்பரில் வந்து நான் பார்த்ததில்லை.

"ராசா, கல்யாண வீட்டுக்கு மஞ்சள் இடிச்சியாலே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. ஒரு ராத்திரிக்கு இரண்டாயிரம் என்று கடைசியில் சொன்னான். "மஞ்சதானே சித்தி, கஞ்சாவா?"

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் மோர் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "சுங்கத் தாள் இல்லாம கடல் தாண்டினா உப்பு மூட்டைகூடக் கடத்தல்தான். இன்னைக்கு மஞ்சள் ஏத்துறவன் நாளைக்கு வேற மூட்டையைக் குடுத்தா இவன் பிரிச்சா பாக்கப் போறான்?"

எதிர் வீட்டுக்காரி விஷயத்தில் இரண்டே நாளில் தாள் எடுத்த கை, இப்போது ஒரு வாரமாகியும் அசையவில்லை. அங்கே ஒரு ஆதாரமும் இல்லாமல் எழுதினேன். இங்கே சட்டையே கையில் இருந்தது. பேசாமல் இருந்துவிடலாமா, நமக்கு என்ன என்று எத்தனை தடவை நினைத்தேன் தெரியுமா? ராத்திரியில் காற்று அடித்தால் படகும் பையனும்தான் கண்ணுக்குள் வந்தார்கள்.

கடைசியில் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்கே போனேன். எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன். அக்கா கத்தினாள். "எம் புள்ள நாலு காசு சம்பாதிக்கது ஒனக்குக் கண்ணை உறுத்துதா?" அந்தக் கேள்வி எனக்கு எங்கே போய்த் தைத்தது என்று அவளுக்குத் தெரியாது. போன வருஷம் அதே கேள்வியை எதிர் வீட்டுக்காரி என்னைக் கேட்டிருக்க வேண்டியது. நான் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. "நான் யாருகிட்டயும் சொல்லல அக்கா. ஒங்கிட்டத்தான் சொல்லுதேன். அவன் பிடிபட்டா ஜாமீனுக்கு நீதான் நகையை வைக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

மாமா விஷயத்தைப் புரிந்துகொண்டார். பத்தே நாளில் பையனைத் திருப்பூருக்கு ரயில் ஏற்றிவிட்டார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. போன் செய்தால் என்னோடு பேசுகிறான். அக்காதான் பேசுவதில்லை.

பையன் ஊரை விட்டுப் போன பிறகு நான் இன்னொரு காரியமும் செய்தேன். வீட்டுக்காரருக்குத் தெரிந்து செய்ததுதான். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்று ஒரு இலவச நம்பர் இருக்கிறது. அதிலே கூப்பிட்டு, இன்ன கடற்கரையில் இன்ன ஓலைக் கொட்டகையில் ராத்திரி மூட்டை இறங்குகிறது என்று இடத்தை மட்டும் சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. பையனை முதலில் அப்புறப்படுத்திவிட்டு அப்புறம் சொன்னது சரியா, அங்கே அவனைப்போல இருக்கும் மற்றப் பையன்களுக்கு அம்மா இல்லையா என்று வீட்டுக்காரர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

மாசிப் பொடிக்காரி விஷயத்துக்கு வருகிறேன். வியாபாரம் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. பாக்கெட்டில் பதிவு நம்பர் போட்டிருக்கிறாள். உதவிக்கு ஒரு ஆள் வைத்திருக்கிறாள். 2025 தீபாவளிக்கு முந்தின மாதம் கணக்குப் போடும்போது, வருஷ வருமானம் இரண்டரை லட்சத்தை எட்டிவிடும் போலத் தெரிந்தது. வருமான வரிக்கெல்லாம் பயப்பட வேண்டாம், 2025 பட்ஜெட்டில் புதிய வரி முறையில் நான்கு லட்சம் வரைக்கும் வரியே இல்லை என்று சொல்லியாயிற்று, ஆனால் இந்த ஆயிரம் ரூபாய்க்கு வரம்பு வேறு என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நானே எழுதிக் குடுத்துருதேன் யக்கா. நம்மளவிட இல்லாதவியளுக்குப் போகட்டும்" என்றாள். பிறகு, "தோணி ஓடுமானு பாத்துட்டு எழுதட்டுமா?" என்றும் கேட்டாள்.

எழுதிக் கொடுத்தாளா என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். நான் கூட்டிக் கழித்துக் கொடுக்கிறேன். கூலியாக நூறு கிராம் பொடி. அதைச் செலவுக் கணக்கில் எழுது என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள்.